செக்கானூரணி பக்கம் கடைசல் பட்டறை: கலர் மரத்துல கிண்ணம் வாங்கணும்னா இங்க போங்க

மதுரைல கைல கடைஞ்ச மரக்கிண்ணம் எங்க நல்லா கிடைக்கும்னு நிறைய பேரு கேட்டுட்டாங்க, அதனால மொதல்லயே சொல்லிடுறேன், தேனி ரோட்டுல செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி போற வழியில ஒரு தகரக் கொட்டகை பட்டறை இருக்கு, போர்டெல்லாம் கிடையாது, வாசல்ல பெரிய பெரிய கட்டைங்க ரெண்டு முனையிலயும் மெழுகு பூசி அடுக்கிக் கிடக்கும், அதான் அடையாளம். அங்க போங்க. மதினி வீட்டு பால்காய்ச்சுக்கு குடுக்க ஒண்ணு வாங்கப் போனவ நான், அப்புறம் எங்க வீட்டுக்கு, அம்மாவுக்கு, ஆபீஸ்ல ரிட்டயர் ஆன மேடத்துக்குன்னு வாங்கிக்கிட்டே இருக்கேன். வாங்கிட்டு வந்த அன்னிக்கே மரச்சாமானப் பத்தி எழுதுறதுல அர்த்தமே இல்லங்க, ஒரு சித்திரை வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டினாத்தான் அதோட குணம் தெரியும், எங்க வீட்டுல இருக்கிறதெல்லாம் தாண்டிருச்சு, அதனால தைரியமா எழுதுறேன்.

தேக்குலயும் ரப்பர் மரத்துலயும் கடைஞ்ச கிண்ணம் எங்கயும் கிடைக்கும், தமுக்கம் மைதானத்துல பொருட்காட்சி போட்டா ஒரு ஸ்டால்லயாவது வச்சிருப்பாங்க. இங்க விசேஷம் கலர்தான். உள்ள நுழைஞ்ச உடனே வலது பக்கம் ஒரு ரேக், அதுல மஞ்சள் மாதிரி மஞ்சள்ல ஒண்ணு, கத்திரிப்பூ சாயல்ல ஒண்ணு, பாதி சாக்லேட் பாதி வெண்ணெய்க் கலர்ல ஒண்ணு, கருப்புக் கோடு கோடா ஓடுனதுல ஒண்ணுன்னு அடுக்கி வச்சிருக்காங்க, ஒண்ணுல கூட பெயிண்டோ சாயமோ கிடையாது, எல்லாம் அந்தந்த மரத்தோட சொந்தக் கலரு. அதுவும் பாதிக்கு மேல நம்ம ஊரு மரம். உசிலை, புளி, பூவரசு, பலா, வாகை, தூங்குமூஞ்சி. நாம தினம் பஸ்ல போறப்ப பாத்துக்கிட்டே போற மரத்துக்குள்ள இம்புட்டு கலர் இருக்குன்னு அந்த ரேக்க பாக்குற வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனா நான் இந்தப் பட்டறைய சிபாரிசு பண்றதுக்குக் காரணம் கலர் மட்டும் இல்ல, கலரப் பத்தி அங்க சொல்ற உண்மை. பலாக் கிண்ணத்த கைல எடுத்து வச்சுக்கிட்டு நான் அசந்து போயி நின்னேன், அம்புட்டு மஞ்சள், அப்ப பெரியவரு, அவருதான் மொத ஆசாரி, லேத்த நிப்பாட்டிட்டு வந்து "இந்தக் கலரு நிக்காது தாயி, இப்பவே சொல்லிட்டேன்"னாரு. சொல்லிட்டு ஜன்னல் மேல இருந்து இன்னொரு கிண்ணத்த எடுத்துக் குடுத்தாரு. நல்ல தேன் கலர்ல, கொஞ்சம் செவப்பு ஏறி, வேற ஏதோ மரம்னு நெனச்சேன், அதுவும் அதே பலாவாம், அதே மரத்துல அறுத்த கட்டையாம், சில வருஷமா ஜன்னல் வெளிச்சத்துலயே கிடக்குதாம். "இது புடிச்சிருந்தா அத வாங்குங்க, இது புடிக்கலைன்னா அத வாங்காதீங்க"ன்னாரு. யாருங்க இப்படி வியாபாரம் பண்றா? ஆன்லைன்ல கலர் கலரா போட்டோ போட்டு விக்கிறவங்க ஒருத்தராவது இத சொல்லி நான் பாக்கல.

இந்த விஷயம் எல்லா கலர் மரத்துக்கும் பொருந்தும், தெரிஞ்சு வச்சுக்கோங்க. மரத்தோட கலருங்கிறது வைரத்துல, அதான் உள்ள முத்திப் போன கெட்டியான பகுதில, மரம் சேத்து வச்ச வேதிப்பொருள்தான், வெளிச்சமும் காத்தும் பட்டா அது மாறத்தான் செய்யும், அதுலயும் வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்தான் பெரிய எதிரி. பலாவுக்கு மஞ்சள் குடுக்கிறது மோரின் (morin) அப்படிங்கிற ஒரு பொருள், பர்மா தாய்லாந்து பக்கம் பிக்குகளோட துவராடைக்கு இந்தப் பலா வைரத்த சீவி கொதிக்க வச்சுத்தான் சாயம் எடுத்தாங்க. நம்ம பக்கம் வீணையும் மிருதங்கமும் பலாக்கட்டைலதான், கச்சேரில பாக்குற பழைய மிருதங்கக் கட்டை எல்லாம் தேன் கலர்ல பழுப்பா இருக்கே, அதுவும் வெட்டுன அன்னிக்கு பளீர் மஞ்சளாத்தான் இருந்திருக்கும்.

கடையுறத பாக்க விடுறாங்க, கேட்டா போதும், கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுவாங்க. நான் போன ஒரு நாள் பச்சைப் பலாக் கட்டை லேத்துல ஏறியிருந்துச்சு, பத்து இஞ்சு இருக்கும். சின்னவரு, பெரியவரோட மகன், அவருதான் கடைஞ்சாரு. பெரிய கட்டைய வேகமா சுத்த விடக்கூடாதாம், பத்து இஞ்சுன்னா நிமிஷத்துக்கு 600ல இருந்து 900 சுத்துக்குள்ளதான், அதுக்கு மேல போனா ஓரத்தோட வேகம் தாங்காது, கட்டை கழண்டுச்சுன்னா மூஞ்சிக்குத்தான் வரும். முகத்த மூடுற கண்ணாடி மாஸ்க் போட்டுத்தான் நிக்கிறாரு, அத பாத்தே எனக்கு மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. உளிய வச்ச உடனே சுருள் சுருளா ஈரமான மஞ்சள் சீவல் தோளு மேல பறக்குது, தரை பூரா மஞ்சள், அவரு விரலு நகம் எல்லாம் மஞ்சள். மொதல்ல டக்கு டக்குன்னு அடிச்ச சத்தம் வட்டம் சரியான உடனே ஒரே ரீங்காரமா மாறுது, உள்பக்கம் தோண்டத் தோண்ட அந்தச் சத்தம் மேல ஏறுது, பெரியவரு அங்கிட்டு வேற வேலை பாத்துக்கிட்டே திரும்பாம "போதும்டா, நிறுத்து"ங்கிறாரு. போயி அளந்து பாத்தா சுவரு சரியா ஒரு இஞ்சு. சத்தத்த வச்சே கனம் சொல்றாரு அவரு.

அந்த ஒரு இஞ்சுக்குக் காரணம் இருக்கு. பச்சை மரத்த ஒரே மூச்சுல மெல்லிசா கடைஞ்சு வச்சா காயுறப்ப நெளியும், இல்லைன்னா வெடிச்சுரும், அதனால மொதல்ல குறுக்களவுல பத்துல ஒரு பங்கு கனத்துக்கு தடிமனா கடைஞ்சு, அதோட சீவலையே போட்டு கோணிப்பைல கட்டி நிழல்ல மாசக்கணக்குல போட்டுர்றாங்க. காஞ்சு வெளிய வர்றப்ப வட்டம் போயி முட்டை வடிவமா இருக்கும், ஏன்னா மரம் வளையத்த ஒட்டிச் சுருங்குறது அதிகம், குறுக்க சுருங்குறது அதவிட கம்மி, நீளவாக்குல சுருங்குறதே இல்லைன்னு சொல்லலாம். அந்த கோணல் கிண்ணத்த திரும்ப லேத்துல ஏத்தி ரெண்டாவது கடைசல். மரத்தோட நட்ட நடுப்புள்ளி கிண்ணத்துக்குள்ள வந்துரக்கூடாதுன்னு அறுக்கிறப்பவே அத தள்ளி அறுத்துர்றாங்க, வெடிப்பு அங்க இருந்துதான் ஆரம்பிக்குமாம். இப்படி செஞ்சதால எங்க வீட்டுல இருக்கிற எதுவும் இது வரைக்கும் வெடிக்கல, மதுரை அக்னி நட்சத்திர வெயில்ல வெடிக்கலைன்னா அதுதான் சர்டிபிகேட்.

இப்ப ஒவ்வொண்ணா சொல்றேன், எனக்கு ரொம்பப் புடிச்சது உசிலை. உசிலம்பட்டிக்கு பேர் குடுத்த மரம்னு எல்லாருக்கும் தெரியும், அதோட இலையக் காயவச்சு அரைச்ச அரப்புப் பொடி போட்டுத்தான் எங்க ஆச்சி தலைக்குக் குளிக்க வச்சாங்க, ஆனா அந்த மரத்த வெட்டி உள்ள பாத்தவங்க எத்தன பேரு? வைரம் கத்திரிப்பூ கலந்த பழுப்பு, அதுல வெளிர் கோடு ஒண்ணு கரும் கோடு ஒண்ணுன்னு மாறி மாறி வளையமா ஓடுது, கிண்ணமா கடைஞ்சா அந்த வளையமெல்லாம் அடியில இருந்து விளிம்பு வரைக்கும் அலை அலையா விரியுது. என்கிட்ட இருக்கிறது எட்டு இஞ்சு, விளிம்புல மட்டும் ஒரு விரக்கடை அகலத்துக்கு வெளிப்பக்க வெள்ளைய விட்டுக் கடைஞ்சிருக்காங்க, அந்த வெளிர் பட்டைக்கு பக்கத்துல கத்திரிப்பூ நிறம் இன்னும் எடுப்பா தெரியுது. கனமான மரம், கைல எடுத்தா எடை தெரியும். பெரிய கட்டை கிடைக்கிறது கஷ்டம்கிறதால எட்டு இஞ்சுக்கு மேல கேக்காதீங்க. ரெண்டாவது வெயில் காலத்துக்கப்புறம் அந்த ஊதாச் சாயல் கொஞ்சம் தணிஞ்சு பழுப்பு தூக்கலா ஆயிருக்கு, கோடு அப்படியே இருக்கு. என் கண்ணுக்கு இப்பதான் இன்னும் அழகு.

புளி அடுத்தது. புளி வைரம் கருஞ்சிவப்பா ஊதா கலந்து இருக்கும், ஆனா வயசான மரத்துலதான் அது உருப்படியான அளவுக்கு இருக்கும், மிச்சமெல்லாம் வெளிர் மஞ்சள். நால்வழிச்சாலை போடுறப்ப ரோட்டோரத்து பழைய புளியமரத்த எல்லாம் வெட்டிச் சாய்ச்சாங்களே, அதுல கறிக்கடை கட்டைக்கும் செங்கச்சூளைக்கும் போனது போக கொஞ்சம் இவங்க கைக்கு வந்திருக்கு. அந்த மரங்க நிழல்ல பஸ்ஸுக்கு நின்னவ நான், அடுப்புக்குப் போகாம ஒரு துண்டாவது கிண்ணமா நிக்குதேங்கிறது எனக்கு உண்மையிலயே பெரிய ஆறுதல். சில புளிக்கட்டைல பூஞ்சை ஓடி கருப்பு மசி கோடு வரைஞ்ச மாதிரி இருக்கும், அது அழுகல் இல்ல, நல்லா காஞ்சுட்டா பூஞ்சை அதோட நின்னுரும், ஆனா மரம் கைக்கு கெட்டியா இருக்கான்னு நகத்தால அழுத்திப் பாத்து வாங்குங்க, மெத்துன்னு இருந்தா வேண்டாம்.

பூவரசு சின்னப் புள்ளைல இலைய சுருட்டி பீப்பீ ஊதினதோட நமக்கு மறந்து போச்சு, ஆனா அதோட வைரம் செவப்பு கலந்த சாக்லேட், கடையுறப்ப லேசா ரோஜா வாசனை வருது. ஹவாய் தீவுல பூவரசுலதான் காலங்காலமா சாப்பாட்டுக் கிண்ணம் கடைஞ்சாங்க, சாப்பாட்டுல மர வாடை ஏறாதுங்கிறதுக்காக. எங்க வீட்டுல உப்பு போட்டு வைக்கிறது பூவரசு மரவைலதான், மரவைன்னா மரத்துல கடைஞ்ச பாத்திரம், கைபட்டு கைபட்டு விளிம்பு நல்லா வழுவழுன்னு ஆயிருச்சு.

தூங்குமூஞ்சி மரம் விலை கம்மி, ரோட்டோரத்துல விழுந்த கிளையே பெரிய கட்டையா கிடைக்கும், சாக்லேட் வைரம், பளிச்சுன்னு வெள்ளை ஓரம், சுருக்கம் ரொம்பக் கம்மியான மரம்கிறதால பச்சையாவே ஒரே தடவைல கடைஞ்சுரலாம், அதான் விலை குறைவுக்குக் காரணம். வாகையும் அழகுதான், ஆனா வாகை கடையுற அன்னிக்கு பட்டறைக்குள்ள போகாதீங்க, அந்தத் தூசி மூக்குல ஏறினா தும்மித் தும்மியே ஓஞ்சுருவீங்க.

மஞ்சக்கடம்பு ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு. பேர்லயே மஞ்சள் இருக்கு, வெட்டின புதுசுல எலுமிச்சம்பழ மஞ்சள், போகப் போக செம்பழுப்பு. ரேகையே தெரியாத அளவுக்கு நைஸான மரம், கடையுறதுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும். கடம்பவனம்னு பேர் எடுத்த ஊர்ல இருந்துக்கிட்டு கடம்பு இனத்து மரத்துல ஒரு கிண்ணம் வீட்டுல வச்சுக்கணும்னு எனக்கு ஆசை, அடுத்த கட்டை வந்தா சொல்லச் சொல்லி நம்பர் குடுத்துட்டு வந்திருக்கேன். மீனாட்சி அம்மன் கோயில்ல இருக்கிற தலவிருட்சக் கடம்பும் இதும் ஒண்ணான்னு கேட்டா பெரியவரு "வேற வேற தாயி, ஒறவுதான்"னாரு.

வேங்கைல டம்ளரும் வச்சிருக்காங்க. தண்ணி ஊத்தி வச்சா வெளிச்சத்துல நீலமா மினுங்கும், பசங்களுக்கு காட்டினா வாயப் பொளந்துருவாங்க, அந்த மரத்துல இருக்கிற பொருள் தண்ணில எறங்கி வெளிச்சம் பட்டா நீலமா ஒளிருது. சுகருக்கு நல்லதுன்னு நிறைய பேரு வாங்குறாங்க, அதுக்காக டாக்டர் குடுத்த மாத்திரைய நிப்பாட்டிராதீங்க, பட்டறைல கூட அப்படித்தான் சொல்லிக் குடுக்கிறாங்க. அதே காரணத்தால வேங்கைய சாப்பாட்டுக் கிண்ணமா வாங்காதீங்க, ஈரம் பட்டா கலர் விடும்.

ஒருத்தரு வந்து செம்மரத்துல வேணும்னு கேட்டாரு, நான் இருக்கிறப்பவே. "எங்கள ஜெயில்ல போடவாண்ணே"ன்னு சின்னவரு கறாரா சொல்லிட்டாரு. வனத்துறை பேப்பர் இல்லாம அந்தக் கட்டைய வச்சிருக்கவே கூடாது, விலைக்கு ஆசப்பட்டு எவனாவது சந்துல குடுத்தா தொடாதீங்க. செவப்பு வேணும்னு அடம்புடிக்கிறவங்களுக்கு அந்தமான் படாக்குன்னு ஒரு மரம் இருக்கு, வாங்குறப்ப ரத்தச் செவப்பு, பின்னால பழுப்பு. கருங்காலிலயும் உஷாரா இருங்க, மாலைக்கு வந்த மோகத்துல சாதாரண மரத்துக்கு சாயம் ஏத்தி கருங்காலின்னு விக்கிறாய்ங்க, ஈரப் பஞ்சால தேச்சா கருப்பு ஒட்டினா போலி, ஆனா நல்லா ஊறின சாயம் ஒட்டாது, அதனால அடிப்பக்கம் ஒரு கீறல் போட்டுக் காட்டச் சொல்லுங்க. இங்க நிஜக் கருங்காலி சின்னச் சின்ன குங்குமச் சிமிழ் அளவுலதான் இருக்கு, கிண்ணம் கேட்டா இல்லைன்னுதான் சொல்றாங்க, அந்த இல்லைங்கிற பதில்தான் நம்பிக்கைய குடுக்குது.

சின்னவருக்கு வெளிநாட்டு மரத்து மேல ஆசை, தூத்துக்குடி பக்கம் இம்போர்ட் மரம் அறுக்குற மில்லுல மிச்சத் துண்டு வாங்கிட்டு வந்து பர்ப்பிள் ஹார்ட்னு ஒண்ணு கடையுறாரு. தென் அமெரிக்கா மரம், பேருக்கேத்த மாதிரி நிஜமாவே ஊதா. வெட்டின உடனே சாம்பல் கலந்த பழுப்பாத்தான் இருக்குமாம், காத்தும் வெளிச்சமும் பட்டுத்தான் ஊதா ஏறும், அப்புறம் வருஷக்கணக்குல வெயில் பட்டா மறுபடி பழுப்பு. அழகுதான், ஆனா அஞ்சு இஞ்சுக்கு 2,200 ரூபா, அந்தக் காசுக்கு ரெண்டு பூவரசு மரவை வாங்கலாம், எனக்கு மனசு வரல.

விலை சொல்லிடுறேன், நான் கடைசியா வாங்கினப்ப தூங்குமூஞ்சி ஆறு இஞ்சு 550, பூவரசு மரவை 900, உசிலை எட்டு இஞ்சு 1,800. பேரம் பேசாதீங்க, ரெண்டு தடவ கடைஞ்சு மாசக்கணக்குல காத்திருந்து செஞ்ச பொருளுக்கு இது நியாயமான விலை. ஜிபே இருக்கு.

குறையும் இருக்கு, சொல்லாம விட்டா இது ரிவ்யூவே இல்ல. நான் வாங்கின புளிக் கிண்ணத்துல உள்பக்கம் எதிரெதிரா ரெண்டு இடம் சொரசொரன்னு இருந்துச்சு, மர நாரோட வெட்டு முனை வர்ற இடம் அது, உளி அங்கதான் பிய்க்கும், நல்லா தீட்டின உளியால இன்னொரு வாட்டி இழுத்துட்டு உப்புத்தாள் போட்டிருக்கணும், அவசரத்துல விட்டுட்டாங்க. எடுத்துட்டுப் போயி காட்டினேன், மூஞ்சிய சுளிக்காம அப்பவே லேத்துல ஏத்தி சரி பண்ணிக் குடுத்தாங்க. அதனால வாங்குறப்பவே கண்ண மூடிக்கிட்டு உள்பக்கம் விரலால ஒரு சுத்து தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். மூடி போட்ட டப்பா மழைக்காலத்துல இறுகிப் போகுது, நான் வாங்கினத கார்த்திகை வரைக்கும் திறக்க முடியல, மூடி கொஞ்சம் தளர்வா கேட்டு வாங்குங்க. வாட்ஸ்அப் ஆர்டர் ரொம்ப லேட், பதிலே ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வரும், போட்டோ ட்யூப்லைட்டுல எடுத்து அனுப்புறாங்க, அதுல உசிலையும் வாகையும் ஒண்ணு போலத் தெரியுது, கலருக்காக வாங்குற பொருளுக்கு இது பெரிய குறை, பகல் வெளிச்சத்துல எடுக்கச் சொல்லி நானும் சொல்லிப் பாத்துட்டேன்.

பராமரிப்பு பெரிய விஷயமில்ல. ஊற வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, கழுவின கையோட துணியால துடைச்சிருங்க, வெயில்ல காய வைக்கவே கூடாது. காஞ்ச மாதிரி தெரிஞ்சா ஆளி விதை எண்ணெய் கொஞ்சம் தடவி, அது நல்லா காஞ்சப்புறம் தேன்மெழுகு போட்டுத் தேய்ங்க. சமையல்ல இருக்கிற தேங்கா எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், அது மரத்துல உறையாம நின்னு சிக்கு வாடை அடிக்கும். ஹார்டுவேர் கடைல விக்கிற பாயில்டு ஆளி எண்ணெயும் சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகாது, சீக்கிரம் காயுறதுக்கு அதுல உலோக மருந்து கலந்திருப்பாங்க. கலர் நாளாக நிக்கணும்னா ஜன்னலுக்கு எதிர்ல வைக்காதீங்க, எந்த பாலிஷ் போட்டாலும் மாறத்தான் செய்யும், மெதுவா மாறும் அம்புட்டுதான்.

மொத தடவ வாங்குறவங்க தூங்குமூஞ்சில ஆரம்பிங்க, விசேஷத்துக்குக் குடுக்கன்னா உசிலை, தினம் புழங்கன்னா பூவரசு. மஞ்சள் கடைசி வரைக்கும் மஞ்சளாவே இருக்கணும்னு நெனக்கிறவங்க பலா வாங்காதீங்க. ஞாயித்துக்கிழமை லீவு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு லேத் ஓடாது, காலைல போனா கடையுறதையும் பாக்கலாம். ஆரப்பாளையத்துல இருந்து உசிலம்பட்டி, தேனி போற பஸ்ஸு அந்த வழிதான், செக்கானூரணில இறங்கி மரக் கடைசல் பட்டறைன்னு கேட்டா ஆட்டோக்காரங்களே கொண்டு போயி விட்டுருவாங்க.